பந்து கையில் இல்லாதபோது உங்கள் மகன் என்ன செய்கிறார்?

கேள்வி: திருச்சியிலிருந்து வந்து டெக்சாஸில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. இங்கேயே பிறந்து வளர்ந்த என் மகன், முழு உதவித்தொகையில் கூடைப்பந்து ஆடியபடி பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். இந்த சீசனில் ஆட்டத்துக்குச் சராசரியாக 21 புள்ளிகள் எடுத்து, அணியிலேயே முதலிடத்தில் இருக்கிறான். ஏஜென்டுகள் சிலர் தொடர்ந்து தொலைபேசியில் அழைக்கிறார்கள். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில், புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் படிப்பை நிறுத்தப்போவதாகச் சொல்கிறான். "கல்லூரியில் நாட்டிலேயே சிறந்த வீரராக இருந்த ஜிம்மர் ஃப்ரெடெட்டே என்.பி.ஏ.வில் காணாமல் போனார், நீ எம்மாத்திரம்?" என்று கேட்டுவிட்டேன். "அவர் ஒலிம்பிக்ஸ் வரை போனவர் அப்பா, பாதிக் கதையை வைத்துக்கொண்டு பேசாதீர்கள்" என்றான். அன்றிலிருந்து வீட்டில் சரியான பேச்சே இல்லை. எங்களில் யார் சொல்வது சரி? நான் அவனுக்கு என்ன சொல்ல வேண்டும்?

பதில்:

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஃப்ரெடெட்டின் வாழ்க்கை வெற்றியா தோல்வியா என்பது ஒன்று. உங்கள் மகன் இந்த ஆண்டே கல்லூரியை விட்டு வெளியேறலாமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு நீங்கள் இருவரும் ஆளுக்குப் பாதி விடையை வைத்துக்கொண்டு வாதாடுகிறீர்கள். அந்த வாழ்க்கையை முழுமையாகப் பார்த்தால் இரண்டாவது கேள்விக்கு எங்கே விடை தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். ஆகவே அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஃப்ரெடெட் நியூயார்க் மாநிலத்தின் வட பகுதியில் உள்ள கிளென்ஸ் ஃபால்ஸ் என்ற சிறிய ஊரில் 1989இல் பிறந்தவர். அவரை உருவாக்கியதில் அண்ணன் டி.ஜே.க்குப் பெரும் பங்கு உண்டு. தேவாலயத்தின் இருண்ட நடைகூடத்தில் தம்பியைப் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடச் சொல்வார். எதிர்பாராத இடத்தில் திடீரென்று குறுக்கே பாய்வார். பந்தைப் பார்க்காமலேயே அதைக் கையில் வைத்திருக்கும் பழக்கம் அப்படித்தான் வந்தது. பள்ளிப் பருவத்திலேயே தம்பியைச் சிறைச்சாலைகளுக்கு அழைத்துச் சென்று, கைதிகளின் கூச்சலுக்கு நடுவே அவர்களுக்கு எதிராக ஆடவும் வைத்தார். 2007 ஜனவரி 27 அன்று, என்.பி.ஏ.வில் ஆடும் இலக்கை அடைய எல்லா உழைப்பையும் தியாகத்தையும் தருவேன் என்று ஒரு தாளில் எழுதி, தம்பியிடம் கையெழுத்து வாங்கினார். அந்தத் தாள் ஜிம்மரின் படுக்கைக்கு மேலே சுவரில் தொங்கியது. எனவே, அவர் உழைக்கத் தவறியதால் பின்தங்கினார் என்று யாராவது சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம்.

யூட்டா மாநிலத்தின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் அவர் நான்கு ஆண்டுகளும் ஆடினார். மூன்றாம் ஆண்டில் அவருடைய சராசரி 22.1 புள்ளிகள், ஏறக்குறைய உங்கள் மகனின் இன்றைய நிலை. 2010இல் அவரும் டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தார். தம்மைப் பற்றி அணிகள் என்ன நினைக்கின்றன என்று தெரிந்துகொண்டார். பிறகு பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு நான்காம் ஆண்டுக்குக் கல்லூரிக்கே திரும்பிவிட்டார். உங்கள் வீட்டு விவாதத்தில் இந்தச் செய்தி இடம்பெறவே இல்லை. உங்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது இதுதான்.

அந்த நான்காம் ஆண்டுதான் அவரை நாடறியச் செய்தது. 28.9 புள்ளிச் சராசரியுடன் நாட்டிலேயே முதலிடம் பிடித்தார். ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான முக்கிய விருதுகள் அவரைத் தேடி வந்தன. 2011 ஜனவரி 26 அன்று, அதுவரை 20 ஆட்டங்களில் தோல்வியே காணாத சான் டியேகோ ஸ்டேட் அணி, அவருடைய பல்கலைக்கழகம் இருக்கும் பிரோவோ நகருக்கு வந்தது. ஃப்ரெடெட் நடுக்கோட்டைத் தாண்டிய சில அடிகளிலேயே எறியக்கூடியவர் என்பதால், தடுப்பவர்கள் வழக்கத்தைவிட வெகு தொலைவு வெளியே வந்து நிற்க வேண்டியிருந்தது. அப்படி வந்து நின்றால், அவர்களைத் தாண்டி உள்ளே நுழைந்துவிடுவார். அன்று அவர் எடுத்தவை 43 புள்ளிகள். அணி 71-58 என்று வென்றது. அந்த எதிரணியில் 22 புள்ளிகள் எடுத்த காவாய் லெனர்ட் என்ற இளைஞரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். 28.9 என்ற எண் ஒருவருடைய திறமையை மட்டும் காட்டுவதில்லை. அவரைச் சுற்றி அமைந்த ஏற்பாட்டையும் சேர்த்தே காட்டுகிறது. அந்த அணியின் தாக்குதல் முழுவதும் ஃப்ரெடெட்டின் கையில் பந்து இருப்பதிலிருந்தே தொடங்கியது. எங்கிருந்து வேண்டுமானாலும் எறியும் உரிமையைப் பயிற்சியாளர் டேவ் ரோஸ் அவருக்குக் கொடுத்திருந்தார். எதிரணியின் ஆபத்தான கார்டை, அதாவது பந்தைக் கொண்டுவந்து வெளியிலிருந்து ஆடும் வீரரை, தடுக்கும் கடினமான வேலையைச் சக வீரர் ஜாக்சன் எமரி ஏற்றுக்கொண்டார். அந்த ஏற்பாட்டுக்குத் தகுதியானவர் என்பதை ஃப்ரெடெட் ஒவ்வோர் ஆட்டத்திலும் நிரூபித்தார். ஆனால் தொழில்முறை ஆட்டத்துக்குப் போகும்போது வீரர் தம் திறமையை மட்டும்தான் எடுத்துச் செல்ல முடியும், ஏற்பாட்டைக் கல்லூரியிலேயே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். கல்லூரி நட்சத்திரங்களின் பெற்றோர் பலருக்கு நான் முதலில் புரிய வைக்க வேண்டியிருப்பது இதைத்தான்.

2011 டிராஃப்டில் மில்வாக்கி பக்ஸ் அணி அவரைப் பத்தாவதாகத் தேர்ந்தெடுத்தது. மூன்று அணிகளுக்கு இடையே நடந்த பரிமாற்றம் ஒன்றில் அவர் சாக்ரமென்டோ கிங்ஸுக்குப் போனார். அந்த ஆண்டு உரிமையாளர்களுக்கும் வீரர்களுக்கும் இடையிலான ஊதியப் பிணக்கில் லீக் பூட்டப்பட்டிருந்தது. புதியவர்கள் தங்களைப் பழக்கிக்கொள்ளும் கோடைக்கால லீக் நடக்கவில்லை. சீசன் கிறிஸ்துமஸ் நாளில்தான் தொடங்கியது. 82 ஆட்டங்கள் 66 ஆகச் சுருங்கின. சாக்ரமென்டோவில் ஏழு ஆட்டங்கள் முடிந்த நிலையில் பயிற்சியாளர் பால் வெஸ்ட்ஃபால் நீக்கப்பட்டு, கீத் ஸ்மார்ட் பொறுப்பேற்றார். பந்தைத் தங்கள் கையில் வைத்திருக்க விரும்பும் கார்டுகள் அங்கே ஏற்கெனவே இருந்தார்கள். முதல் ஆண்டில் ஃப்ரெடெட்டின் சராசரி 7.6 புள்ளிகள். சூழல் சரியில்லை என்பது உண்மை. அது மட்டுமே காரணம் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. ஆறடி இரண்டு அங்குல உயரமும் நடுத்தர வேகமும் கொண்ட அவரை, பிக் அண்ட் ரோல் ஆட்டத்தில், அதாவது ஒருவர் குறுக்கே நின்று தடுப்பவரை மறிக்க மற்றவர் பந்தோடு முன்னேறும் உத்தியில், எதிரணிகள் தேடிப்பிடித்துத் தாக்கின. தடுப்பாட்டத்தில் நம்பிக்கை ஏற்படாத வீரருக்கு எந்தப் பயிற்சியாளரும் அதிக நிமிடங்கள் தர மாட்டார். நிமிடங்கள் குறைந்தால், கைக்குச் சூடேறுவதற்கு முன்பே பெஞ்சுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அதே கிங்ஸ் அணி அதே நாளில் அறுபதாவதாக, அதாவது கடைசி ஆளாக, ஐசையா தாமஸைத் தேர்ந்தெடுத்தது. அவர் ஃப்ரெடெட்டைவிடவும் குள்ளமானவர். சில மாதங்களிலேயே, ஆட்டத்தை வழிநடத்தும் பாயிண்ட் கார்டு இடத்தைப் பிடித்துவிட்டார். 2016-17 சீசனில் பாஸ்டன் அணிக்காக அவர் எடுத்த சராசரியும் 28.9தான். ஆகவே, உயரம் குறைந்தவர்களுக்கு என்.பி.ஏ.வில் இடமில்லை என்ற எளிய விளக்கமும் செல்லாது.

ஃப்ரெடெட்டுக்கு அடுத்ததாக, பதினோராவதாகத் தேர்வானவர் கிளே தாம்சன். 2016 டிசம்பரில் இந்தியானா அணிக்கு எதிராக அவர் 29 நிமிடங்கள் ஆடி 60 புள்ளிகள் எடுத்தார். அந்த ஆட்டம் முழுவதிலும் அவர் பந்தைத் தரையில் தட்டியது பதினொரு முறைதான். பந்து அவர் கையில் இருந்த நேரம் ஏறக்குறைய ஒன்றரை நிமிடம். மற்ற நேரமெல்லாம் அவர் ஓடிக்கொண்டிருந்தார். தடுப்பவரை மறிக்கச் சக வீரர்கள் குறுக்கே நின்று போடும் திரைகளைச் சுற்றி வந்தார். பந்து வந்து சேரும் கணத்தில் எறியத் தயாராக நின்றார். பதினைந்தாவதாகத் தேர்வானவர், நான் நினைவில் வைக்கச் சொன்ன காவாய் லெனர்ட். கல்லூரியில் அவருடைய சராசரி 16 புள்ளிகளைக்கூட எட்டவில்லை. ஆனால் எதிரணியின் சிறந்த வீரரைத் தடுக்கக்கூடியவர் என்பதால் முதல் ஆண்டிலிருந்தே சான் அன்டோனியோ அவரைக் களத்தில் வைத்திருந்தது. எறியும் திறனை அவர் அங்கே போய்த்தான் வளர்த்துக்கொண்டார். பிறகு 2014இலும் 2019இலும் இறுதித் தொடரின் சிறந்த வீரரானார். ஒரே ஆண்டு டிராஃப்டில் வந்த இவர்களை அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: பந்து கையில் இருக்கும்போது செய்வதை வைத்துக் கல்லூரி ஒருவரைக் கொண்டாடுகிறது, பந்து கையில் இல்லாதபோது செய்வதை வைத்துத்தான் என்.பி.ஏ. அவரை வேலைக்கு வைத்துக்கொள்கிறது.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஃப்ரெடெட்டின் ஒப்பந்தத்தை நான்காம் ஆண்டுக்கு நீட்டிக்கும் உரிமையை சாக்ரமென்டோ 2013 அக்டோபரில் கைவிட்டது. 2014 பிப்ரவரியில் அவரை விடுவித்தது. சிகாகோவிலும் நியூ ஆர்லியன்ஸிலும் ஆடினார். சான் அன்டோனியோவின் பயிற்சி முகாம் வரை போய்த் திரும்பினார். என்.பி.ஏ.வின் துணை லீக்கில் ஆடி, 2016இல் அதன் நட்சத்திர ஆட்டத்தில் சிறந்த வீரர் விருது பெற்றார். அதற்குக் கிடைத்த பலன் நியூயார்க் நிக்ஸ் அணியில் பத்து நாள் ஒப்பந்தம். நீங்கள் அறிந்த கதை இங்கே முடிகிறது, உங்கள் மகன் அறிந்த கதையோ இங்கேதான் தொடங்குகிறது.

2016இல் அவர் ஷாங்காய் ஷார்க்ஸ் அணிக்குப் போனார். சீன லீக்கில் ஓர் அணியில் ஆடக்கூடிய வெளிநாட்டு வீரர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. அப்படி வரும் ஒருவரிடம் அணி எதிர்பார்ப்பது புள்ளிகளைத்தான். கல்லூரியில் இருந்த அதே ஏற்பாடு, வேறொரு நாட்டில், முழுச் சம்பளத்துடன் அவருக்குத் திரும்பக் கிடைத்தது. முதல் சீசனில் 37 புள்ளிகளுக்கு மேல் சராசரி. சிறந்த வெளிநாட்டு வீரர் விருது. 2017 பிப்ரவரியில் ஒரே ஆட்டத்தில் 73 புள்ளிகள். 2018 நவம்பரில் 75. அந்த இரண்டு ஆட்டங்களிலும் அவர் அணி தோற்றது, இரண்டாவதில் ஒரே ஒரு புள்ளியில். ரசிகர்கள் அவருக்கு வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் 'தனிமையின் பெருங்கடவுள்' என்று வரும். பல்லாயிரம் பேர் அவரைப் பார்க்க வந்தார்கள். இதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஐயா.

2019 மார்ச்சில் ஃபீனிக்ஸ் சன்ஸ் அவரை மீண்டும் என்.பி.ஏ.வுக்கு அழைத்தது. முதல் ஆட்டம், அவர் கல்லூரியில் ஆடிய அதே யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியில் அமைந்தது. அவர் களமிறங்கியதும் யூட்டா ரசிகர்கள் எழுந்து நின்று ஆரவாரம் செய்தார்கள். அன்று அவர் எறிந்த பந்துகளில் பெரும்பாலானவை கூடையில் விழவில்லை. அதே ஆட்டத்தில் சக வீரர் டெவின் புக்கர் 59 புள்ளிகள் எடுத்தார். ஆறு ஆட்டங்களோடு அந்த வாய்ப்பும் முடிந்தது. சீனாவில் 75 எடுத்தவரும் இவரே, சால்ட் லேக் சிட்டியில் தடுமாறியவரும் இவரே. இடைப்பட்ட சில மாதங்களில் திறமை எங்கும் போய்விடவில்லை. அவருக்கு ஒதுக்கப்பட்ட வேலை மாறியிருந்தது, அவ்வளவுதான்.

அடுத்து கிரீஸ் நாட்டின் பனாதினைக்கோஸ் அணியில் சேர்ந்து லீக் பட்டம் பெற்றார். மீண்டும் ஷாங்காய்க்குப் போனார். முப்பது வயதைக் கடந்தபின் மூவருக்கு மூவர் என்ற ஆட்டவகைக்கு மாறினார். அது பாதிக் களத்தில் பத்தே நிமிடம் நடப்பது. அதில் வளைவுக்கு உள்ளிருந்து எறிந்தால் ஒரு புள்ளி, வெளியிலிருந்து எறிந்தால் இரண்டு. தொலைவிலிருந்து எறிவதன் மதிப்பை இரு மடங்காக்கும் ஆட்டம், தொலைவிலிருந்து எறியவே பிறந்தவருக்குப் பொருந்தியதில் வியப்பில்லை. அந்த ஆட்டவகையின் 2023 உலகக் கோப்பையில் அமெரிக்க அணியுடன் வெள்ளி வென்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் தொடக்க ஆட்டங்களிலேயே காயம்பட்டு வெளியேற நேர்ந்தது. 2025 ஏப்ரலில், 36 வயதில் ஓய்வை அறிவித்தார்.

இனி உங்கள் மகனைப் பற்றிப் பேசுவோம். ஃப்ரெடெட்டை அச்சுறுத்தும் உதாரணமாகக் காட்டுவதை நிறுத்திவிடுங்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். நாட்டிலேயே முதலிடம் பெற்ற ஒருவரைக் காட்டி "நீ எம்மாத்திரம்?" என்று அப்பா கேட்டால், இருபத்தொரு வயதுப் பிள்ளையின் காதில் விழுவது 'உன்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை' என்பதுதான். அதற்குப் பதிலாக, உங்கள் மகனுடைய ஆட்டங்களின் பதிவுகளில் இரண்டை அவரோடு உட்கார்ந்து பாருங்கள். அணி தோற்ற ஆட்டம் ஒன்றாவது அதில் இருக்கட்டும். புள்ளிகளை எண்ண வேண்டாம். பந்து வேறொருவர் கையில் இருக்கும்போது மகன் எங்கே நிற்கிறார், இடுப்பில் கைவைத்துக் காத்திருக்கிறாரா, ஓடி இடம் மாறுகிறாரா என்று மட்டும் கவனியுங்கள். எதிரணி திரையிட்டால் அதைத் தாண்டிப் போய்த் தம் ஆளைப் பிடிக்கிறாரா? சக வீரர் கொடுத்த பந்தை, தட்டாமல் வாங்கியவுடனே எறிந்தவற்றில் எத்தனை கூடையில் விழுந்தன? இந்தக் கடைசி எண்ணை அவருடைய பயிற்சியாளர் குழுவிடம் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். 21 என்ற சராசரியைவிட அந்த எண்ணில்தான் அணிகளுக்கு ஆர்வம் அதிகம்.

டிராஃப்டுக்குப் பெயர் கொடுப்பதும் கல்லூரியை விட்டு வெளியேறுவதும் ஒன்றல்ல. உங்கள் வீட்டுச் சண்டையில் பாதி இந்தக் குழப்பத்தால் வந்தது என்று நினைக்கிறேன். 2010இல் ஃப்ரெடெட் செய்ததைப் போல, பெயர் கொடுத்துவிட்டு, கெடு முடிவதற்குள் திரும்பப் பெற்றால் கல்லூரியில் ஆடும் உரிமை அப்படியே இருக்கும். என்.பி.ஏ.வின் ஆலோசனைக் குழுவிடம் மதிப்பீடு கேட்கலாம். முதல் சுற்றா, இரண்டாம் சுற்றா, தேர்வாகும் வாய்ப்பே குறைவா என்று ரகசியமாகச் சொல்வார்கள். அழைக்கும் அணிகளிடம் போய் ஆடிக் காட்டலாம். 2018 முதல், கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் சான்று பெற்ற ஏஜென்டின் உதவியையும் இந்தக் கட்டத்தில் பெறலாம். சான்று இல்லாத ஒருவர் நீட்டும் தாளில் கையெழுத்திட்டால் திரும்பும் வழி அடைபட்டுவிடும். ஆகவே, தொலைபேசியில் அழைப்பவர்கள் யாராக இருந்தாலும் பல்கலைக்கழகத்தின் விதிமுறை அலுவலரிடம் காட்டாமல் எதிலும் கையெழுத்து வேண்டாம். இந்த விஷயத்தில் மட்டும் நீங்கள் கண்டிப்பாகவே இருக்கலாம்.

மதிப்பீடு முதல் சுற்று என்று வந்தால், போகட்டும். முதல் சுற்று வீரருக்கு இரண்டு ஆண்டுச் சம்பளம் உறுதி, அதுவும் பல லட்சம் டாலர்களில். இரண்டாம் சுற்றில் அப்படியான உறுதி கிடையாது. தேர்வாகாமல் துணை லீக்கில் சேர்ந்தால் ஒரு சீசனுக்குக் கிடைப்பது சுமார் 40,000 டாலர் அளவில்தான் இருக்கும். ஃப்ரெடெட்டின் காலத்தில் கல்லூரி வீரர் தம் பெயரால் ஒரு டாலர்கூடச் சம்பாதிக்க முடியாது. 2021 ஜூலையிலிருந்து விளம்பரம் போன்றவற்றின் வழியே வருமானம் ஈட்ட முடிகிறது. 2025இலிருந்து பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் தரவும் முடிகிறது. சராசரியாக 21 புள்ளிகள் எடுக்கும் ஒருவர் நான்காம் ஆண்டும் கல்லூரியில் ஆடுவது, இன்றைய நிலையில் பணக் கணக்கிலும் லாபமாக இருக்கலாம். மகனிடம் இதை அறிவுரையாகச் சொல்லாதீர்கள். இரண்டு வழிகளிலும் கிடைக்கக்கூடிய தொகையை இருவருமாகச் சேர்ந்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

அப்படி எழுதும்போது, எந்த நாட்டு லீக், எந்த அணி என்பதோடு, அந்த அணி அவரிடம் என்ன வேலையை எதிர்பார்க்கிறது என்பதையும் ஒரு வரியில் குறிக்கச் சொல்லுங்கள். வெளிநாடு என்றால் இரண்டாம் தரம் என்ற எண்ணம் உங்களிடமோ அவரிடமோ இருந்தால், ஷாங்காயை நினைத்துப் பாருங்கள். மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்து, மொழி தெரியாத ஊரில், ஓர் ஆட்டம் சரியில்லையென்றாலும் ஒப்பந்தம் முறியும் என்ற நிலையில் வாழ வேண்டியிருக்கும் என்பதையும் மறைக்காமல் பேசுங்கள்.

படிப்பு நின்றுபோகுமே என்ற உங்கள் அச்சத்தை நான் மதிக்கிறேன். மண்ணைவிட்டு வந்து பிள்ளையைப் படிக்க வைத்த ஒருவருக்கு அது சிறிய விஷயமன்று. இதற்கும் ஒரு வழி இருக்கிறது. 2018ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களின்படி, உதவித்தொகையில் குறைந்தது இரண்டு ஆண்டுகள் படித்துவிட்டுச் சென்ற கூடைப்பந்து வீரர் பத்து ஆண்டுகளுக்குள் திரும்பி வந்தால், முதல் பட்டத்தை முடிப்பதற்கான கல்விக் கட்டணத்தையும் புத்தகச் செலவையும் அவருடைய பல்கலைக்கழகம் ஏற்க வேண்டும். நிபந்தனைகள் இருக்கலாம் என்பதால், மகனை அழைத்துக்கொண்டு இந்த மாதமே வீரர்களுக்கான கல்வி ஆலோசகரைச் சந்தியுங்கள். பட்டத்துக்கு இன்னும் எத்தனை பாடங்கள் மீதமுள்ளன, அவற்றில் எவற்றைக் கோடையிலோ இணையவழியிலோ முடிக்கலாம், திரும்பி வந்தால் எந்தச் செலவுகளை அவர்கள் ஏற்பார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். டிராஃப்டுக்குப் பெயர் கொடுக்கும் படிவத்தைப் பற்றிய பேச்சை அந்தச் சந்திப்புக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.